அசோலாவிலும் அசோஸ்பைரில்லத்திலும் இருப்பது ஒரே 'அசோ'வா?

#1 நாற்றங்கால்

உழவர் பயிற்சிக்கு நாலு பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. ஜூன் 12க்கு முன்னால் அச்சுக்குப் போகவேண்டும். உயிர் உரப் பக்கத்தில் பெட்டிச் செய்தியாக இப்படி ஒன்று இருக்கிறது:

"அசோ என்றால் நைட்ரஜன். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவதால்தான் அசோலா, அசோஸ்பைரில்லம், அசோடோபாக்டர் என்று பெயர்."

அசோலா நீர்மேல் மிதக்கும் சிறு செடி, மற்ற இரண்டும் பாக்டீரியா. படிக்க நன்றாக இருக்கிறது, மனதிலும் நிற்கிறது. ஆனால் அசோலாவில் மிஞ்சும் 'லா'வுக்கு என்ன பொருள் என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. சொல்லாராய்ச்சி தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

#2 வேர்ச்சொல்

மூன்றில் இரண்டு சரி. அசோலா மட்டும் தவறு. 'லா' என்னவென்று நீங்கள் தடுக்கி நின்ற இடம்தான் முக்கியமான இடம். ஒரு சொல்லைப் பிரித்தபின் ஒரு துண்டு பொருளில்லாமல் மிஞ்சினால், பெரும்பாலும் வெட்டிய இடம் தப்பு.

முதலில் ஆண்டைப் பாருங்கள். அசோலா என்ற பேரினப் பெயரைப் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லமார்க் வைத்தது 1783. நைட்ரஜனுக்குப் பிரெஞ்சில் 'அசோட்' என்ற பெயர் அச்சேறியது 1787. லவாய்சியே, கீத்தோன் த மோர்வோ, பெர்த்தோலே, ஃபூர்க்ருவா ஆகிய நால்வரும் சேர்ந்து வேதிப் பொருள்களுக்குப் புதிய பெயர் முறை வகுத்தபோது. 1783ல் வைத்த பெயருக்கு 1787ல் பிறந்த சொல் எப்படி வேராகும்?

அதுமட்டுமில்லை. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் உயிர்கள் உண்டு என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. பயறு வகைகளின் வேர் முடிச்சு விஷயத்தை ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிறுவியது 1880களின் பிற்பாதியில்தான். லமார்க் மேசையில் இருந்தது தென் அமெரிக்காவின் தென்கோடி மகெல்லன் பகுதியிலிருந்து வந்த காய்ந்த செடி. அதன் தழைச்சத்துக் குணத்தை அவர் கனவில்கூடக் கண்டிருக்க முடியாது.

தாவரவியல் நூல்கள் தரும் விளக்கம் இது: கிரேக்க 'அசோ' (உலர்த்துகிறேன், காயவைக்கிறேன்), 'ஒல்லுமி' (அழிக்கிறேன், கொல்கிறேன்). இரண்டும் சேர்ந்து, வறண்டால் சாவது.

இங்கே ஒரு பொடி வைத்த இடம் உண்டு. கிரேக்க அகராதியில் வினைச்சொல்லைத் தன்மை ஒருமையில்தான் தலைச்சொல்லாகப் போடுவார்கள். நம் அகராதியில் 'உலர்தல்' என்று வருவது அங்கே 'உலர்த்துகிறேன்' என்று வரும். அந்தக் கடைசி 'ஓ' வெறும் விகுதி. வேர் 'அஸ்' மட்டும்தான். ஆகவே அசோலாவை வெட்டவேண்டிய இடம் அஸ் + ஒல்ல் + ஆ. நடுவில் கேட்கும் 'ஓ' இரண்டாவது சொல்லுக்குச் சொந்தம். 'அசோ' என்ற துண்டே இந்தச் சொல்லுக்குள் கிடையாது.

அசோஸ்பைரில்லம் அப்படியில்லை. அங்கே 'அசோ' உண்மையிலேயே ஒரு முன்னொட்டு, அசோட்டிலிருந்து வந்தது.

#3 கடைமடை

வறண்டா சாவுறதுன்னா எங்க பக்கம் எல்லாப் பயிருமே அசோலாதான் ஐயா.

கிண்டல் இல்ல, கேள்வி. தண்ணியில கெடக்குற எந்தச் செடிதான் தண்ணி வத்துனா பொழைக்கும்? ஆகாயத்தாமரை சாவாதா, அல்லி சாவாதா? எல்லாத்துக்கும் பொதுவான குணத்த ஒண்ணுக்கு மட்டும் பேரா வெச்சது ஏன்?

#4 தழைச்சத்து

நியாயமான கேள்வி. ஆனால் சாகிற வேகத்தில் வித்தியாசம் இருக்கிறது.

ஆகாயத்தாமரையின் இலைக்காம்பு பஞ்சுபோல் ஊதியிருக்கும், தண்டு சதைப்பற்று; தண்ணீர் வற்றினாலும் சேற்றில் வேர் ஊன்றிப் பல நாள் தாக்குப்பிடிக்கும். அல்லிக்குக் கிழங்கு உண்டு, அடுத்த மழைக்குத் துளிர்க்கும். கோரையைச் சொல்லவே வேண்டாம்: மேலே காய்ந்தாலும் கீழே கிழங்கு காத்திருக்கும். அசோலாவுக்குக் கிழங்கும் இல்லை, சதையும் இல்லை, மண்ணில் பிடிப்பும் இல்லை. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பொடி இலை, தண்ணீருக்குள் தொங்கும் நூல் போன்ற வேர். எடையில் 93 முதல் 95 விழுக்காடு நீர். வெயிலில் சாக்கின்மேல் மெல்லிசாகப் பரப்பினால் அன்றைக்கே சருகு.

ஆனால் இரண்டு திருத்தம் சொல்லவேண்டும். தண்ணீர் வடிந்தும் சேறு ஈரமாக இருந்தால் அசோலா சேற்றோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டும். சேறு பிளக்க ஆரம்பித்தால்தான் கதை முடியும். இன்னொன்று, இது பெரணி வகை. பூ கிடையாது, வித்து உறைகள் உண்டு. அந்த உறைகள் வறட்சியைத் தாங்கும். லமார்க் வைத்த பெயர் தழைக்குப் பொருந்தும், வித்துறைக்குப் பொருந்தாது.

கையேட்டில் 'பாசி' என்று எங்காவது எழுதியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். பாசி அதன் இலைக்குள் குடியிருப்பது. அதுவும் இன்றைய வகைப்பாட்டில் பாக்டீரியா, நீலப்பச்சை நிறத்தது. நைட்ரஜனைப் பிடிப்பது அந்தக் குடியிருப்பாளர், வீட்டுக்காரர் அல்ல.

#5 பொன்னிநாடன்

எல்லாவற்றுக்கும் கிரேக்கத்துக்கு ஓடுவானேன்? அசை + உலா = அசையுலா, அசோலா. நீர்மேல் அசைந்து உலாவும் செடி. செடியின் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? இஞ்சி, அரிசி எல்லாம் இங்கிருந்து போனவைதானே!

#6 வேர்ச்சொல்

பொன்னிநாடன் ஐயா, அழகான பெயர்தான். ஒரு பரிசலுக்கோ நெல் வகைக்கோ வைக்கலாம். ஆனால் பொருள் பொருந்துவது சான்று ஆகாது. சொல் எந்த வழியாகப் போனது என்று காட்டவேண்டும்.

இஞ்சிக்கு அந்த வழி தெரிகிறது. இஞ்சி + வேர், பாலியில் சிங்கிவேர, கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ், லத்தீனில் சிங்கிபெர், அங்கிருந்து தாவரவியல் பேரினப் பெயர். சரக்கு போன கப்பலிலேயே சொல்லும் போனது. இடையில் ஒவ்வொரு துறையிலும் தடயம் இருக்கிறது.

அரிசி அவ்வளவு நேர்வழி இல்லை. கிரேக்க 'ஒரைசா' நேரே தமிழ் 'அரிசி'யிலிருந்து போனது என்பது கால்டுவெல் காலத்துக் கருத்து. இன்று பெரும்பாலோர் கிரேக்கச் சொல் ஈரானிய மொழி ஒன்றின் வழியாக வந்தது என்பார்கள். அதற்கு உறவு வடமொழி 'வ்ரீஹி'. அந்த வ்ரீஹியே திராவிடத்திலிருந்து கடன் வாங்கியதா என்பதில்தான் இன்னும் வாதம் நடக்கிறது.

இங்கிருந்து நேராகத் தாவரவியலுக்குப் போனவை வேண்டுமென்றால் முருங்கை இருக்கிறது: மொரிங்கா. புங்கம் இருக்கிறது: பொங்காமியா. புங்கம் மலபார்க் கரை வழியாக ஐரோப்பியர் ஏட்டில் ஏறியது. புங்கத்தின் முழுப் பெயர் பொங்காமியா பின்னேட்டா, மில்லெட்டியா பின்னேட்டா என்றும் சொல்வார்கள். நம் வயலில் தன்னியல்பாய்க் கிடைக்கும் அசோலா இனத்தின் பெயரும் அசோலா பின்னேட்டா. பின்னேட்டா என்றால் லத்தீனில் இறகு போன்றது. பசுந்தழைக்கு வெட்டிப் போடும் புங்கமும் நீர்மேல் கிடக்கும் அசோலாவும் ஒரே அடைமொழியைச் சுமக்கின்றன.

அசையுலாவுக்கு இப்படி ஒரு வழி கிடையாது. மகெல்லன் பகுதியில் பறித்து, பாரிசில் பெயர் வைத்த செடி அது. நடுவில் காவிரி எங்கும் குறுக்கிடவில்லை.

#7 குடமுருட்டி

வேதியியல் பக்கத்தையும் சேர்த்துவிடலாம். அசோட்டின் பொருள் கையேட்டில் வந்தால் வேடிக்கையாக இருக்கும்.

அசோட் = அ (இல்லாத) + சோயே (உயிர்). உயிரற்றது. 1772ல் டேனியல் ரூதர்ஃபோர்டு காற்றிலிருந்து எரியவும் மூச்சுவிடவும் உதவும் பகுதியை நீக்கிவிட்டு மிச்சத்தைப் பார்த்தார். அதில் விளக்கு அணைந்தது, எலி செத்தது. அந்தக் குணத்தை வைத்துத்தான் பிரெஞ்சுக்காரர்கள் பெயர் சூட்டினார்கள். ஜெர்மனில் இன்றும் மூச்சை அடைக்கும் பொருள் என்ற அர்த்தத்தில்தான் பெயர்.

இந்த 'சோயே'வும் நம் பேச்சில் புழங்கும் 'ஜீவன்' என்ற வடசொல்லும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர். முன்னால் நிற்கும் மறுப்பு 'அ'வும் இரண்டு மொழிக்கும் பொது. ஆக அசோட்டை அப்படியே வடமொழியில் வார்த்தால் 'அஜீவம்'. அதே தோட்டத்தில் வாளியில் கலக்கும் ஜீவாமிர்தம் நேர் எதிர்ப்பதம். அமிர்தமும் அ + மிர்தம், சாவு இல்லாதது. கிரேக்க 'அம்ப்ரோசியா'வுக்கு உடன்பிறப்பு.

நைட்ரஜன் என்ற பெயர் 1790ல் ஷப்தால் கொடுத்தது. வெடியுப்பைப் பிறப்பிப்பது என்று பொருள். லவாய்சியே கொடுத்த பெயர் தோற்றுப்போனது ஆங்கிலம் போன்ற மொழிகளில்தான். பிரெஞ்சிலும் ரஷ்ய மொழியிலும் துருக்கியிலும் இன்னும் அசோட், அசோத் தான். சாயப்பட்டறையில் சொல்லும் அசோ சாயம், அசைடு, அசோடோபாக்டர் எல்லாம் அந்தத் தோற்ற பெயரின் வாரிசுகள்.

என்னைக் கேட்டால் இவர்கள் எல்லோரையும்விடத் 'தழைச்சத்து' என்று வைத்த ஆள் கெட்டிக்காரர். வெடியுப்பையும் பார்க்கவில்லை, செத்த எலியையும் பார்க்கவில்லை. வயலைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்.

#8 வேர்ச்சொல்

குடமுருட்டி சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. அசோலாவின் 'அ'வையும் மறுப்பு 'அ' என்று நினைத்து "உயிரற்ற சிறு செடி" என்று சிலர் பிரிப்பார்கள். அது அதைவிடப் பெரிய தப்பு. அசோலாவில் 'அ' வேரின் பாகம், கழற்ற முடியாது.

அந்த 'அஸ்' வேரின் சொந்தக்காரர்கள் வேறு. கிரேக்க 'அசலேயோஸ்', காய்ந்தது என்று பொருள். லின்னேயஸ் வைத்த அசேலியா என்ற பூஞ்செடிப் பெயர் அதிலிருந்து. ஊட்டி, கொடைக்கானல் தோட்டங்களில் பார்க்கலாம். லத்தீன் பக்கம் போனால் 'அரிதுஸ்', அதாவது வறண்டது. ஆங்கிலத்தில் வறள்நிலத்துக்குச் சொல்லும் 'ஏரிட்' அதுவே. 'ஒல்லுமி' பக்கம் தமிழ் விவிலியத்தில் வரும் அப்பொல்லியோன் என்ற பெயரில் இருக்கிறது: அழிப்பவன்.

அசிமுத் என்ற நில அளவைச் சொல்லைக் கொண்டுவந்து சேர்க்காதீர்கள். அது அரபு. தலையெழுத்து ஒன்றாக இருப்பதால் மட்டும் குடும்பம் ஒன்றாகிவிடாது.

#9 கடைமடை

சரி, பேருல தண்ணி இல்லாட்டி செத்துரும்னு எழுதியே வெச்சிருக்கான். அப்ப காய்ச்சலும் பாய்ச்சலும் பண்ற வயல்ல அசோலா போடுன்னு ஒரே கையேட்டுல ரெண்டையும் சொல்றீங்களே, அது எப்படி? கடைமடையில முறை வெச்சுத் தண்ணி விடுறப்ப ரெண்டு முறைக்கு நடுவுல வயல் வெடிச்சுரும். குழியில வளர்த்தத வயல்ல கொட்டி வெயிலுக்கு வறுக்கவா?

#10 தழைச்சத்து

கையேட்டில் திருத்தவேண்டிய உண்மையான இடம் இதுதான். சொற்பிறப்பைவிட இது முக்கியம்.

கணக்கைப் பார்ப்போம். பரிந்துரை: நட்ட 3 முதல் 5 நாளில் எக்டருக்கு 250 கிலோ, ஏக்கருக்கு 100 கிலோ பச்சை அசோலா தூவி, களையெடுக்கும்போது சேற்றில் அமுக்கிவிடுவது. ஒரு ஏக்கர் முழுவதும் போர்வையாக மூடினால் குறைந்தது 4 டன் இருக்கும், சதுர மீட்டருக்கு ஒரு கிலோ வீதம். 100 கிலோ 4 டன் ஆக 40 மடங்கு பெருகவேண்டும், அதாவது ஐந்து தடவைக்குக் கொஞ்சம் மேல் இரட்டிக்கவேண்டும். நல்ல நிலையில் இரட்டிக்க 3 முதல் 5 நாள். ஆக 16 முதல் 27 நாள். இந்த நாள்கள் முழுவதும் வயலில் 3 முதல் 5 சென்டிமீட்டர் நீர் நிற்கவேண்டும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் துளைக்குழாய் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின்தான் அடுத்த பாய்ச்சல். அதை நட்ட பத்தாம் நாளிலேயே ஆரம்பித்தால் அசோலா பாதியில் போய்விடும். செய்யக்கூடியது: முதல் கோனோவீடர் (களையை அமுக்கும் உருளைக் கருவி) ஓட்டம்வரை நீர் கட்டி, அசோலாவை மிதித்து, அதற்குப் பிறகு காயவிடுவதை ஆரம்பிப்பது. அப்போதும் முழுப் போர்வை கிடைக்காது, கிடைத்த அளவுதான். முழு அளவு வேண்டுமானால் தூவும் அளவை ஏக்கருக்கு 200 கிலோவாக்கினால் ஒரு இரட்டிப்பு மிச்சம். முறைப்பாசனத்தில் இடைவெளி நீளமாக இருக்கும் கடைமடையில் வயல் அசோலாவை நான் பரிந்துரைக்கமாட்டேன். அங்கே குழியில் வளர்த்து மாட்டுக்குக் கொடுப்பதே மேல்.

எவ்வளவு தழைச்சத்து கிடைக்கும் என்பதையும் மிகைப்படுத்தாமல் எழுதுங்கள். 4 டன்னில் 94 விழுக்காடு நீர் போனால் 240 கிலோ உலர் எடை. அதில் 4 விழுக்காடு நைட்ரஜன் என்றால் 9.6 கிலோ. யூரியாவில் 46 விழுக்காடு, ஆக சுமார் 21 கிலோ யூரியா. 45 கிலோ மூட்டையில் பாதிகூட இல்லை. "யூரியாவே வேண்டாம்" என்று கையேட்டில் போட்டால் சம்பா நடுவில் பயிர் வெளுத்து நிற்கும், அடுத்த வருடம் அசோலா என்றாலே ஓடுவார்கள்.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது. அசோலா உயிரோடு மிதக்கும்வரை பயிருக்குத் தரும் தழைச்சத்து சொற்பம். அது செத்து மக்கினால்தான் கிடைக்கும். ஆனால் நீர் வடித்து, மேலாகக் கிடந்து காய்ந்தால் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். சேற்றுக்குள் மிதிபட்டுச் சாகவேண்டும். உயிரோடு இருக்கும்போது அதன் பயன் வேறு: நீரில் நிழல் போடும், களை குறையும், தூவிய யூரியா ஆவியாவதும் குறையும்.

#11 நாற்றங்கால்

இது தெளிவாக இருக்கிறது, நன்றி. குழி அளவுகள் கையேட்டில் இப்படி இருக்கின்றன: 2 மீட்டருக்கு 2 மீட்டர், ஆழம் 20 சென்டிமீட்டர், சில்பாலின் விரிப்பு, சலித்த மண் 10 முதல் 15 கிலோ, 10 லிட்டர் நீரில் கரைத்த 2 கிலோ சாணம், சூப்பர் பாஸ்பேட் 30 கிராம், நீர் 10 சென்டிமீட்டர், விதை அசோலா அரை முதல் ஒரு கிலோ. சரியா? இரண்டாவது சந்தேகம்: சிவந்துபோனால் "நோய்" என்று எழுதியிருக்கிறது.

#12 தழைச்சத்து

அளவு சரி. 10 முதல் 15 நாளில் குழி நிறையும், அதன்பிறகு தினம் அரை கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுக்கலாம். எடுக்காமல் விட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பது அழுகும். புதியவர்கள் செய்யும் முதல் தப்பு, "இன்னும் வளரட்டும்" என்று காத்திருப்பது. ஐந்து நாளுக்கு ஒருமுறை 20 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் ஒரு கிலோ சாணமும். பத்து நாளுக்கு ஒருமுறை கால்வாசி நீரை மாற்றவேண்டும், மாதம் ஒருமுறை 5 கிலோ மண்ணை மாற்றவேண்டும். வடித்த நீரை வீணாக்காமல் காய்கறிப் பாத்திக்கு விடலாம்.

சிவப்பு நோய் இல்லை. பெரும்பாலும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு, அல்லது கடும் வெயில். எது என்று பிரிக்க ஒரு செடியைத் தூக்கி வேரைப் பாருங்கள். வேர் நீண்டு சுருண்டு, தொட்டால் ஒடிந்தால் மணிச்சத்துக் குறைவு. வேர் நன்றாக இருந்து மேல் இலை மட்டும் சிவந்திருந்தால் வெயில். தென்னங்கீற்று நிழல் போதும். சித்திரை, வைகாசியில் 35 டிகிரிக்கு மேல் போகும் நாள்களில் நிழல் இல்லாமல் குழி தேறாது. 20 முதல் 30 டிகிரிதான் அதற்கு இதம்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆபத்து மறுபக்கம். ஒரே இரவு மழையில் வயல் நிரம்பி மடை வழியாக மொத்தமும் வாய்க்காலுக்குப் போய்விடும். மடைவாயில் பழைய வலையோ வைக்கோல் பிரியோ வைத்துத் தடுக்கவேண்டும். நேரடி விதைப்பு வயலில் முளை நீருக்குமேல் நிமிரும்முன் போட்டால் காற்று ஒரு மூலைக்குத் தள்ளி இளம்பயிரை அமுக்கிவிடும்.

#13 குடமுருட்டி

மணிச்சத்து என்றதும் ஒன்று. பாஸ்பரஸ் = ஃபோஸ் (ஒளி) + ஃபோரோஸ் (ஏந்துவது). இருட்டில் மினுங்கியதைப் பார்த்து வைத்த பெயர். அந்த 'ஃபோரோஸ்', லத்தீன் 'ஃபெர்', நாம் தலையில் சுமக்கும் 'பாரம்' என்ற வடசொல் மூன்றும் ஒரே வேர். அசோஸ்பைரில்லம் லிப்போஃபெரம் என்று பாக்கெட்டில் பார்த்திருப்பீர்கள். லிப்போ கிரேக்கத்தில் கொழுப்பு, ஃபெரம் லத்தீனில் சுமப்பது. செல்லுக்குள் கொழுப்புபோன்ற மணிகளைச் சேர்த்துவைக்கும் என்பதால் வந்த பெயர். கிரேக்கத் தலையும் லத்தீன் உடலுமாக ஒட்டவைத்த பெயர் இது. சுத்தம் பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அறிவியலில் இது சகஜம்.

#14 நாற்றங்கால்

அப்படியே அசோஸ்பைரில்லத்தையும் முடித்துவிடுங்கள். 'ஸ்பைரில்லம்' சுருள் என்று எழுதலாமா? ஏன் அசோலா 'ஆ' என்றும் ஸ்பைரில்லம் லத்தீனில் 'உம்' என்றும் முடிகிறது?

#15 வேர்ச்சொல்

எழுதலாம். கிரேக்க 'ஸ்பைரா', சுருள். லத்தீனில் குறுமை விகுதி சேர்ந்து ஸ்பைரில்லம், சின்னச் சுருள். ஆனால் நுண்ணோக்கியில் தெரிவது பிரிமணைபோல் சுற்றிய சுருள் இல்லை. கொஞ்சம் பருத்து, லேசாக வளைந்த கோல். பெயர் வந்த வழி வேறு: பெய்ஜரிங்க் 1925ல் இதை ஸ்பைரில்லம் பேரினத்தில் வைத்தார். பிறகு டேரண்ட், கிரீக், டோபரைனர் மூவரும் 1978ல் தனிப் பேரினமாகப் பிரித்தபோது பழைய பெயரின் முன்னால் 'அசோ' சேர்த்தார்கள். டோபரைனர் வேலை செய்தது பிரேசிலில். பிரேசிலென்ஸ் என்ற இனப் பெயர் அந்த நாட்டைக் குறிக்கும்.

விகுதி என்பது பால் விஷயம். லத்தீனில் ஸ்பைரில்லம் அலிப்பால், அதனால் அடைமொழியும் லிப்போஃபெரம், பிரேசிலென்ஸ். அசோலா பெண்பால், அதனால் பின்னேட்டா. நெல்லின் பேரினப் பெயரான ஒரைசா பெண்பால், அதனால் சட்டைவா. 'அசோலா பின்னேட்டம்' என்றோ 'அசோஸ்பைரில்லம் பிரேசிலென்சிஸ்' என்றோ அச்சில் கண்டால் பிழை என்று கண்ணைமூடிக்கொண்டு சொல்லலாம். நம் ஊரில் "அவள் வந்தது" என்பது எப்படிக் காதில் உறுத்துமோ, லத்தீன் தெரிந்தவருக்கு இது அப்படி.

#16 தழைச்சத்து

பக்கத்தில் அளவையும் போடுங்கள், பெயரை மட்டும் படித்து யாரும் பயிர் செய்யமாட்டார்கள். எக்டருக்கு, 200 கிராம் பாக்கெட் கணக்கில்: விதை நேர்த்திக்கு 3, நாற்றங்காலுக்கு 10, நாற்று வேரை நனைக்க 5 பாக்கெட்டை 40 லிட்டர் நீரில் கரைத்து 15 முதல் 30 நிமிடம், நடவு வயலுக்கு 10 பாக்கெட்டை 25 கிலோ தொழுவுரம், 25 கிலோ மண்ணோடு கலந்து.

கெட்டுப்போகிற இடம் மூன்று. பாக்கெட் கடை வாசலில் வெயிலில் கிடப்பது. பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையோடு அன்றைக்கே சேர்ப்பது. யூரியாவோடு ஒரே கூடையில் கலந்து தூவுவது. பொருள் உயிருள்ளது, பெயரின் முன்னால் 'உயிரற்றது' என்ற சொல் நின்றாலும்.

#17 குடமுருட்டி

கடைசியாக ஒரு வேடிக்கை. அசோலா இலைக்குள் இருக்கும் நீலப்பச்சை உயிரை அனபீனா அசோலே என்று பாடத்தில் படித்தோம். அனபீனா, கிரேக்கத்தில் மேலேறுவது. இப்போது அதை நாஸ்டாக் பக்கம் சேர்க்கிறார்கள். நாஸ்டாக் என்பது கிரேக்கமும் இல்லை, லத்தீனும் இல்லை. பாராசெல்சஸ் 16ஆம் நூற்றாண்டில் மூக்குத்துளையைக் குறிக்கும் ஆங்கில, ஜெர்மன் சொற்களைப் பிசைந்து உருவாக்கிய பெயர். மழைக்குப் பிறகு தரையில் வழவழவென்று கிடப்பதைப் பார்த்து அந்த எண்ணம்.

நம் பக்கம் அசோலாவுக்கு மூக்குத்திச் செடி, கம்மல் செடி என்று பெயர் உண்டு. ஆக மூக்குத்திக்குள் குடியிருப்பது மூக்குத்துளை. இரண்டு பெயருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, பொன்னிநாடன் ஐயா மன்னிக்கவேண்டும்.

#18 பொன்னிநாடன்

நான் ஒன்றும் சொல்லவில்லையே! மூக்குத்திச் செடி என்ற பெயரைக் கையேட்டின் தலைப்பில் போடுங்கள், அதுபோதும்.

#19 நாற்றங்கால்

போட்டாயிற்று. பெட்டிச் செய்தி இப்போது:

"மூக்குத்திச் செடி எனப்படும் அசோலாவுக்குக் கிரேக்கத்தில் 'காய்ந்தால் சாவது' என்று பொருள் (1783). சேற்றில் மிதிக்கும்வரை வயலில் 3 முதல் 5 செ.மீ. நீர் நிற்கவேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலும் அதற்குப் பிறகே. அசோஸ்பைரில்லத்தில் உள்ள 'அசோ' வேறு. அது நைட்ரஜனைக் குறிக்கும் அசோட் என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது (1787)."

#20 கடைமடை

கடைசி முறைக்குத் தண்ணி வராத ஊருக்குன்னு ஒரு வரி சேருங்க. 'குழியில மட்டும் வளர்க்கவும்.'

#21 வேர்ச்சொல்

சேருங்கள். இன்னொன்று: பின்னட்டையில் லத்தீன் எழுத்தில் பெயர் போடும்போது அசோலாவுக்கு இரண்டு 'எல்' வரவேண்டும், உங்கள் பழைய பிரதியில் ஒன்றுதான் இருக்கிறது. 'ஒல்லுமி'யின் இரட்டை அது.